குடிக்காத தண்ணீர்

கோபுவுக்குத் தண்ணீர்ப் பைத்தியம் என்று தெருவே சொல்லும். சும்மா சொல்லவில்லை. காலையில் குழாயில் தண்ணீர் வந்ததும் கண்ணாடி டம்ளரில் பிடித்து, வாசல் வெளிச்சத்தில் தூக்கி, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். லேசாக மஞ்சள் தட்டியிருந்தால் போதும், செல்போனில் படம் எடுத்து, தேதியும் நேரமும் போட்டுப் புகார் எண்ணுக்கு அனுப்பிய பிறகுதான் அவருக்குக் காப்பி இறங்கும். ஸ்ரீரங்கத்தில் ஆளுக்கு ஒரு பைத்தியம் உண்டு. சிலருக்குப் பெருமாள் புறப்பாடு, சிலருக்குப் புளியோதரை, இவருக்குத் தண்ணீர். கேலி செய்தவர்கள் வீட்டுக் குழாயில் புழு வந்தபோது அவர்கள் முதலில் கூப்பிட்டதும் இவரைத்தான்.

இன்சூரன்ஸ் ஆபீஸில் முப்பத்திரண்டு வருஷம் விண்ணப்பப் படிவங்களைச் சரிபார்த்து ஓய்வு பெற்றவர். படிவத்தில் என்ன கேட்டிருக்கிறதோ அதற்குத்தான் பதில் எழுத வேண்டும், கேட்காததை எழுதினால் வம்பு என்று எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்தவர். ஒரு வார்த்தை இடம் மாறினால் ஒரு குடும்பத்துக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்காமல் போய்விடும் என்பது அவருக்குத் தெரியும். வார்த்தைகளில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது என்ற கர்வமும் கொஞ்சம் உண்டு.

அந்த வருஷம் பைத்தியம் முற்றியதற்குக் காரணம் இருந்தது. ஒரே பெண் மைத்ரேயி பிரசவத்துக்கு வந்திருந்தாள். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து உண்டான பிள்ளை. அவளும் கணவன் ஜகன்னாத்தும் பெங்களூரில் வேலை பார்த்தார்கள். அவள் மாமனார் லக்ஷ்மிகாந்த் கைலாசபுரம் டவுன்ஷிப்பில் இருந்தார். தொழிற்சாலையில் இன்னும் ஒரு வருஷ சர்வீஸ் பாக்கி. ஆறாம் மாதம் அவர்கள் வீட்டில் சீமந்தம் முடிந்ததும், டவுன்ஷிப்பில் காற்றும் தண்ணீரும் நன்றாக இருக்கும், இங்கேயே இருக்கட்டுமே என்று சம்பந்தி மெல்லச் சொல்லிப் பார்த்தார். தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான் என்று கோபு காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அவர் மனைவி செண்பகவல்லி வழி முழுக்கப் பெண்ணின் கையைப் பிடித்தபடியே வந்தாள்.

வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் வடிந்த கையோடு தெருவைத் தோண்டியிருந்தார்கள். பாதாளச் சாக்கடைக்குப் புதுக் குழாய் போடும் வேலை. தோண்டிய இயந்திரம் எங்கேயோ குடிநீர்க் குழாயில் இடித்துவிட்டது. மைத்ரேயி வந்த இரண்டாம் வாரமே தண்ணீர் கலங்கி, ஒரு மாதிரி வாடையோடு வந்தது. கோபு டம்ளரைத் தூக்கிக்கொண்டு ஒப்பந்தக்காரரின் ஆட்களோடு நடுத்தெருவில் சண்டை போட்டார். நீங்களே ஒரு வாய் குடித்துக் காட்டுங்கள் என்று டம்ளரை நீட்டியபோது அவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்தார்கள். பத்து நாளில் உடைப்பை அடைத்துவிட்டுப் போனார்கள்.

அந்தப் பத்து நாளும், அதற்குப் பிறகும், அவர் வீட்டு அடுப்பில் ஒரு பெரிய எவர்சில்வர் தவலை ஓயாமல் கொதித்துக்கொண்டிருந்தது. கொதி வந்து பத்து நிமிஷம் ஆகும்வரை கையில் கடிகாரத்தோடு பக்கத்திலேயே நிற்பார். ஆறியதும் வெள்ளைத் துணியில் வடிகட்டி மூடி வைப்பார். குடிப்பதற்கு அது, வாய் கொப்பளிக்க அது, மோர் பெருக்க அது, மைத்ரேயி பல் தேய்க்கக்கூட அதுதான். "சப்புனு இருக்குப்பா, தண்ணி குடிக்கவே பிடிக்கலை" என்று அவள் முகத்தைச் சுளித்தாள். பிடிக்காவிட்டால் பரவாயில்லை, பிள்ளை பிறந்த பிறகு பிடித்ததைக் குடிக்கலாம் என்று அப்பா சொல்லிவிட்டார்.

கொஞ்ச நாளில் தெருக்கோடி வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கு மஞ்சள் காமாலை என்று தகவல் வந்தது. அப்புறம் ஒரு தையல்காரர், பிறகு ஒரு காலேஜ் பையன். சுகாதாரப் பணியாளர் ஒரு பெண் வீடு வீடாக வந்தாள். பெயர் யாழினி, ஊர் மண்ணச்சநல்லூர். தோளில் ஒரு பை, கையில் அட்டையில் செருகிய படிவங்கள், கூட வந்த ஆளின் சைக்கிளில் அரை மூட்டை பிளீச்சிங் பவுடர். ஒப்பந்த வேலைதான், ஆனாலும் ஒரு வீட்டைக்கூடத் தாண்டிப் போகமாட்டாள். கோபுவுக்கு அவளைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. ஒரு படிவத்தை ஒழுங்காக நிரப்பும் மனுஷியைப் பார்த்து எத்தனை நாளாயிற்று.

குடிக்கிற தண்ணீரைக் காய்ச்சுகிறீர்களா என்று கேட்டாள். தவலையைக் காட்டினார், கடிகாரத்தைக் காட்டினார், வடிகட்டும் துணியையும் காட்டினார். அவள் சிரித்துவிட்டு, எல்லா வீடும் இப்படி இருந்தால் தனக்கு வேலையே இருக்காது என்றாள். கர்ப்பிணி இருக்கும் வீடு என்று தனியாகக் குறித்துக்கொண்டாள். பிறகு கொல்லைப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"கிணறு இருக்கே சார். அந்தத் தண்ணி குடிக்கிறீங்களா?"

"குடிக்கறதில்லைம்மா" என்றார் கோபு.

அவள் படிவத்தில் அப்படியே எழுதினாள். பவுடர் குறைவாகத்தான் கொடுத்திருக்கிறார்கள், குடிக்கிற கிணறுகளுக்கு முதலில் போட்டுவிடுகிறேன், உங்களுடையதை அடுத்த தடவை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. அந்த வீட்டில் கிணற்றுத் தண்ணீரை யாரும் குடிப்பதில்லை. விடிகாலையில் கோபு குளித்து, ஈர வேஷ்டியோடு ஒரு வெள்ளிச் சொம்பு நிறைய இறைத்து எடுத்துப்போவார். அது பெருமாளுக்கு. மருந்து வாடை அடிக்கிற குழாய்த் தண்ணீரைப் பெருமாளுக்கு எப்படி வைப்பது? திருவாராதனப் பூஜை முடிந்ததும், ஏலக்காயும் பச்சைக் கற்பூரமும் துளசியும் சேர்ந்த அந்த நீரை உத்தரணிக் கரண்டியால் மூன்று தரம் கையில் வாங்கிக்கொள்வார்கள். அதன் பெயர் தீர்த்தம். காப்பி குடிப்பார்கள், மோர் குடிப்பார்கள். தீர்த்தத்தைக் கொடுப்பவர் சாதிப்பார், மற்றவர்கள் வாங்கிக்கொள்வார்கள். குடிப்பது என்ற சொல்லைத் தீர்த்தத்துக்குச் சொல்லும் வழக்கமே அந்த வீட்டில் கிடையாது. யாழினி கேட்டது குடிக்கிற தண்ணீரைப் பற்றி. கேட்ட கேள்விக்கு மட்டும் கோபு பதில் சொன்னார்.

பவுடர் போட்டால் பெருமாள் தீர்த்தத்தில் வாடை அடிக்குமே என்ற எண்ணமும் அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் ஒளிந்திருந்ததா என்று பிற்பாடு அவர் தன்னைத்தானே பல முறை கேட்டுக்கொண்டார். இருந்திருக்கலாம்.

மைத்ரேயிக்கு மூன்று உத்தரணி போதவில்லை. காய்ச்சின தண்ணீர் தொண்டையில் இறங்காத அவளுக்குத் தீர்த்தத்தின் வாசனை பிடித்திருந்தது. பூஜை முடிகிற நேரம் பார்த்து, வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்து பெருமாள் அறை வாசலில் நிற்பாள். தீர்த்த வட்டில் கிண்ணத்தில் மிச்சம் இருப்பதைக் கீழே கொட்டக்கூடாது, யாராவது எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும். கோபு அதை ஒரு டம்ளரில் ஊற்றிக் கொடுப்பார். பிள்ளைக்கு நல்லது என்று செண்பகவல்லியும் சொன்னாள். மைத்ரேயி நின்றபடியே அண்ணாந்து முழுவதையும் விட்டுக்கொள்வதைப் பார்க்க அப்பாவுக்குச் சந்தோஷமாக இருக்கும். அந்த நாளின் முதல் காரியமே நல்லபடியாக முடிந்தது என்று நினைத்துக்கொள்வார்.

தெருவில் காமாலை என்ற செய்தி கைலாசபுரம்வரை போய்விட்டது. லக்ஷ்மிகாந்த் போன் செய்தார். இந்தத் தடவை மெல்லச் சொல்லவில்லை. இன்றைக்கே வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன், பிரசவத்துக்கு ஒரு வாரம் முன்னால் நானே கொண்டுவந்து விடுகிறேன் என்றார். பயத்தில் பேசுகிறார் என்பது கோபுவுக்குப் புரிந்தது. புரிந்தும் அது அவருக்கு உறைத்தது. தண்ணீர் விஷயத்தில், உலகத்தில் எத்தனையோ வீடு இருக்க, தன் வீட்டையா சந்தேகப்படுவது?

"சம்பந்தி, எங்காத்துல காய்ச்சாத தண்ணி ஒரு சொட்டு அவ வாயில போகாது" என்றார். "அதுக்கு நான் பொறுப்பு."

மைத்ரேயியும், இரண்டு மாதம்தானே, அலைய வேண்டாம் என்றாள். லக்ஷ்மிகாந்த் சரி என்று வைத்துவிட்டார். சம்பந்தியை மடக்கிவிட்ட திருப்தியில் கோபு அன்றைக்கு ஒரு பிடி அதிகமாகவே சாப்பிட்டார்.

பங்குனி உத்திரத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஒரு காலையில் மைத்ரேயி காப்பி வேண்டாம் என்றாள். வாசனையே பிடிக்கவில்லை என்றாள். மத்தியானம் வாந்தி எடுத்தாள். எட்டாம் மாதத்தில் இப்படிச் சில பேருக்கு உண்டு என்று செண்பகவல்லி எலுமிச்சைச் சாறு பிழிந்து கொடுத்தாள், காய்ச்சின தண்ணீரில்தான். மறுநாள் உடம்பெல்லாம் அரிக்கிறது என்று சொறிந்தாள். மூன்றாம் நாள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தபோது, "அப்பா, நகம் மஞ்சளா இருக்கா பாருங்கோ" என்று கையை நீட்டினாள். டம்ளர் தண்ணீரில் இருக்கிற மஞ்சளையே கண்டுபிடிக்கிற மனிதருக்குப் பெண்ணின் கண்ணில் இருந்த மஞ்சள் அப்போதுதான் தெரிந்தது.

சத்திரம் பேருந்து நிலையத்தைத் தாண்டி ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டாக்டர் மெஹ்ரீன் என்று ஒரு நடுவயது அம்மாள், நிதானமாகப் பேசுகிறவர். ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் கோபுவையும் ஜகன்னாத்தையும் உட்காரவைத்துச் சொன்னார். தண்ணீரால் வருகிற காமாலையில் ஒரு வகை இது. மற்றவர்களுக்கு வந்த சுவடு தெரியாமல்கூடப் போய்விடும், கர்ப்பிணிக்கு வந்தால் கல்லீரலையே அடித்துப்போட்டுவிடும். இதற்கென்று தனி மருந்து கிடையாது, உடம்பைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். கிருமி உள்ளே போய் ஒன்றரை மாதம்கூட ஆகியிருக்கலாம் என்றவர், என்ன தண்ணீர் குடித்தாள் என்று கேட்டார்.

காய்ச்சின தண்ணீர் என்றார் கோபு. தவலை, கடிகாரம், வெள்ளைத் துணி எல்லாவற்றையும் சொன்னார். அப்படியானால் வெளியில் எங்கேயாவது குடித்திருப்பாள் என்றார் டாக்டர்.

கோபு நேராகப் படுக்கைக்குப் போனார். கரும்புச்சாறு குடித்தாயா, கடையில் பானிபூரி சாப்பிட்டாயா, சிநேகிதியோடு போனாயே அன்றைக்கு எங்கே போனாய் என்று துருவித் துருவிக் கேட்டார். எங்கேயும் எதுவும் சாப்பிடவில்லை என்று அவள் சொன்னதை அவர் நம்பவில்லை. இத்தனை பாடுபட்டேனே, ஒரு நிமிஷம் நாக்கைக் கட்டமுடியாமல் போயிற்றா என்று கேட்டுவிட்டார். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, கோபமே இல்லாத குரலில் கேட்டாள்.

"அப்பா, வாயெல்லாம் கசக்கறது. நாளைக்கு வரச்சே கொஞ்சம் தீர்த்தம் எடுத்துண்டு வரேளா?"

மறுநாள் கோபு விடிகிறதற்கு முன்பே எழுந்து கிணற்றடிக்குப் போனார். இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு நாளும் திருவாராதனம் செய்ததில்லை. ஒவ்வொரு மந்திரத்துக்கும் அழுதார். சின்ன வெள்ளிச் செம்பில் தீர்த்தத்தை நிரப்பி, மூடி, துணியில் சுற்றி, ஆட்டோவில் சிந்தாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு போனார். மைத்ரேயி அரைத் தூக்கத்தில் இருந்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கண்ணைத் திறந்து யாரோ என்பதுபோலப் பார்த்தாள். தலையைத் தூக்கி உத்தரணியை வாயருகே கொண்டுபோனபோது டாக்டர் உள்ளே வந்தார்.

"என்ன சார் அது, தண்ணியா?"

"தண்ணி இல்லை. பெருமாள் தீர்த்தம்."

"எங்க வீட்லயும் ஹஜ் போனவங்க கொண்டுவந்த தண்ணி இது மாதிரி வச்சிருக்கோம் சார், எனக்குப் புரியுது" என்றார் டாக்டர். "எங்கேர்ந்து எடுத்த தண்ணி?"

கிணறு என்று சொல்ல வாயைத் திறந்த கோபுவுக்கு அந்த இடத்திலேயே எல்லாம் விளங்கிவிட்டது.  தோண்டிப்போட்ட தெரு, வாசலிலிருந்து நாற்பதே அடி தள்ளியிருக்கும் கிணறு, குடிக்கறதில்லைம்மா என்ற தன் குரல், தினமும் ஒரு டம்ளர், அண்ணாந்து வாங்கிக்கொள்ளும் வாய். நேற்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்ட முகம்.

"காய்ச்சினதுதான்" என்றார்.

அதுதான் அவர் சொன்ன முதல் பொய். டாக்டர் தலையாட்டிவிட்டு, இப்போது வாய்வழியாக எதுவும் கொடுக்கவேண்டாம் என்று சொல்லிப் போனார். கோபு செம்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். கைகழுவும் தொட்டியில் தீர்த்தத்தைக் கவிழ்த்தார். ஒரு துளி காலில் பட்டாலே பதறிக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர், ஏலக்காய்த் தோல் சாக்கடைக் குழியில் சுழன்று போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெட்கம்தான் அவரை அப்போது பிடித்து ஆட்டியது, துக்கம் அதற்குப் பின்னால்தான் வந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பெண் குழந்தை, வயிற்றிலேயே இறந்துவிட்டது. மைத்ரேயி அதற்கு அடுத்த நாள் போனாள். நினைவு திரும்பவே இல்லை. குழந்தை போனது அவளுக்குத் தெரியாது. வெளியில் எங்கும் குடிக்கவில்லை என்று அவள் சொன்னது உண்மை என்று அப்பாவுக்குத் தெரிந்துவிட்டதும் அவளுக்குத் தெரியாது.

லக்ஷ்மிகாந்த் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அன்றைக்கு நான் வண்டியை எடுத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும், என் தப்பு என்று கோபுவின் தோளில் சாய்ந்து அழுதார். கோபு அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார். அப்போதாவது சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. காரியங்கள் முடிந்து ஜகன்னாத் பெங்களூருக்குத் திரும்பினான். அவளுடைய துணிகள் இருந்த பையை என்ன செய்வதென்று தெரியாமல், வாசல்வரை கொண்டுபோய், மறுபடி உள்ளே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான்.

தீட்டுக் கழிந்த மறுநாள் காலை கோபு கிணற்றுப் பக்கம் போகவில்லை. குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, அதில் ஏலக்காயும் பச்சைக் கற்பூரமும் சேர்த்துத் திருவாராதனம் செய்தார். பெருமாள் ஒன்றும் சொல்லவில்லை. இதைச் செய்யக்கூடாதென்று அவர் படித்த எந்தப் புத்தகத்திலும் கிடையாது, எந்தப் பெரியவரும் தடுத்ததில்லை. அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். இத்தனை சுலபமாக இருந்தது என்பதை அவரால் தாங்கமுடியவில்லை. புது வழக்கத்தைச் செண்பகவல்லி பார்த்தாள், ஏன் என்று கேட்கவில்லை. அவள் அந்த நாட்களில் எதையுமே கேட்கவில்லை.

தெருவில் முக்கால்வாசி வீடுகளில் கொல்லைக் கிணறு உண்டு, பெருமாள் உண்டு, தீர்த்தமும் உண்டு. அது கோபுவுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் மூன்று வாரம் வாயைத் திறக்கவில்லை. எதிர்வீட்டில் காலை மணிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சொன்னால் செண்பகவல்லிக்குத் தெரிந்துவிடும். தீர்த்தத்தால் பெண் செத்தாள் என்று ஊர் பேசும், பெருமாளையே பழித்ததாகும் என்று தனக்குள் ஒரு நியாயமும் வைத்திருந்தார். அது நியாயம் இல்லை, பயம் என்று அவருக்கும் தெரியும்.

சித்திரை பிறந்து சில நாள் கழித்து யாழினி வந்தாள். கையில் அதே படிவக் கட்டு. முதலில் செண்பகவல்லியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கோபுவிடம், உங்களிடம் கேட்கக்கூடாதுதான், வேறு யாரிடம் கேட்பதென்று தெரியவில்லை என்று தயங்கியபடி ஆரம்பித்தாள். குழாயைச் சரிசெய்து எத்தனையோ நாளாகிவிட்டது, குழாய்த் தண்ணீரை மூன்று தரம் பரிசோதித்தாயிற்று, சுத்தமாக இருக்கிறது. கேட்டால் எல்லா வீட்டிலும் காய்ச்சித்தான் குடிக்கிறார்கள். இந்த வாரமும் இரண்டு பேருக்குப் புதிதாக வந்திருக்கிறது. தெருவுக்கு அடியில் பழைய சாக்கடைக் குழாய் விரிசல் விட்டு மண்ணில் கசிவதாக இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறார்கள். கிணறெல்லாம் கெட்டுத்தான் போயிருக்கும். ஆனால் கிணற்றுத் தண்ணீரை யாரும் குடிப்பதில்லை என்றே எல்லாப் படிவத்திலும் இருக்கிறது.

"நான் எங்கயோ கேக்காம விட்டிருக்கேன் சார்" என்றாள். "எதிர் வீட்டு ஜாஹ்னவி அக்கா வேற அஞ்சு மாசம். எனக்குத் தூக்கமே வரல."

அவள் தன்னையே குற்றவாளியாக நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது கோபுவுக்கு உறைத்தது. இந்தப் பெண் சரியாகத்தான் கேட்டாள், எழுதினாள், நம்பினாள். தெருவில் ஒவ்வொரு வீடும் அவளுக்கு உண்மையையே சொல்லி ஏமாற்றியிருக்கிறது. எதிர்வீட்டு ஜாஹ்னவி, சௌரிராஜனின் மருமகள், மதுரைப் பெண். மைத்ரேயி இருந்தபோது சாயங்காலம் வந்து, இருவரும் வயிற்றை ஒப்பிட்டுப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

"அந்தப் படிவத்தை எடும்மா" என்றார். "என் பதிலை மாத்தணும்."

அவள் தேடி எடுத்தாள். கோபு மனைவியைப் பார்த்தார். அவள் இருக்கும்போதுதான் சொல்ல வேண்டும், அவளை உள்ளே அனுப்பிவிட்டுச் சொன்னால் அதுவும் ஒரு பொய் என்று நினைத்தார்.

"கிணத்துத் தண்ணி குடிக்கறதில்லைன்னு சொன்னேன். குடிச்சா. என் பொண்ணு தினம் ஒரு டம்ளர் குடிச்சா, காய்ச்சாம. தீர்த்தம்னு பேர் சொல்லி நான்தான் குடுத்தேன்."

குடிப்பது என்ற சொல்லைத் தீர்த்தத்துக்கு அவர் சொன்னது வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. யாழினியின் பேனா நகரவில்லை. செண்பகவல்லி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கத்துவாள், அடிப்பாள் என்று காத்திருந்தார். அவள், "நானும்தானே பிள்ளைக்கு நல்லதுன்னு சொன்னேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பிறகு முகத்தைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். அவர் பக்கத்தில் போகப் பார்த்தபோது, வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

கோபு யாழினியோடு தெருவைக் கடந்தார். எதிர்வீட்டில் அப்போதுதான் திருவாராதனம் முடிந்திருந்தது. சௌரிராஜன் கையில் வட்டிலோடு நின்றார், ஜாஹ்னவி கையேந்தி நின்றாள். கோபு கேட்காமல் உள்ளே நுழைந்து வட்டிலை மறித்துக் கையை வைத்தார். பிறத்தியார் வீட்டுப் பூஜையில் அப்படிச் செய்கிற மனிதர் இல்லை அவர். துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் சௌரிராஜன் முதலில் நினைத்தார். கோபு நடந்ததைச் சொன்னார். சொல்லச் சொல்ல சௌரிராஜனின் முகம் சிவந்தது.

"பெருமாள் தீர்த்தத்தையா ஓய் சொல்றீர்?"

"பெருமாளைச் சொல்லலை. கிணத்தைச் சொல்றேன், என்னைச் சொல்றேன்" என்றார் கோபு. "காய்ச்சி, ஆறவச்சுப் பெருமாளுக்குச் சேர்த்துப் பாரும். அவர் வேண்டாம்னு சொன்னா என்கிட்ட வாரும்."

 சௌரிராஜன் வட்டிலைப் பெருமாளுக்கு முன்னாலேயே திரும்ப வைத்தார். யாழினி ஜாஹ்னவியிடம் இன்றைக்கே ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடலாம், ஆட்டோவுக்குச் சொல்கிறேன் என்று வாசலுக்குப் போனாள். கிணற்றுக்குப் பவுடர் போடும் ஆளையும் போனில் கூப்பிட்டாள். இனிமேல் படிவத்தில் எந்தக் கேள்வியைச் சேர்க்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஜாஹ்னவி ஏந்திய கையை இன்னும் மடக்கவில்லை. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒரு நாள் தவறாமல் வாங்கிக்கொண்டவள். அவள் கண் வெள்ளையாகத்தான் இருந்தது. கோபு அதைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், மறுபடி கண்ணைப் பார்த்தார். கிருமி உள்ளே போய் நோய் வெளியே தெரிய ஒன்றரை மாதம்கூட ஆகலாம் என்று டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. மூன்று வாரத்துக்கு முன்னாலேயே இந்தத் தெருவைக் கடந்திருக்கலாம், இருபதே அடிதான்.

"மாமா" என்றாள்.  "மைத்துவுக்கு முதல்ல எப்படி ஆரம்பிச்சுது?"

அதை அவர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நினைக்கவே பயந்தவர். சௌரிராஜன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். கோபு உட்கார்ந்தார். காப்பி வாசனை பிடிக்கவில்லை என்று அவள் சொன்ன காலையிலிருந்து ஆரம்பித்து, மத்தியான வாந்தி, உடம்பு அரிப்பு, நகத்தின் மஞ்சள், பெயர் சொன்னால் திரும்பாத கண் என்று ஒன்றையும் விடாமல் சொன்னார். ஜாஹ்னவி வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, அவர் சொன்ன ஒவ்வொன்றையும் தன் உடம்பில் தேடிப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.